கமிஷன் என்றதும் முகம் மாறுகிறதே!

சென்னையில் தாம்பரம், மேடவாக்கம் பக்கம் வீடு, மனை முடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைக்கும்வரை நான் "அண்ணே". பத்திரம் பதிந்து கமிஷன் பேச்சு வந்ததும், "நீங்க என்ன செஞ்சீங்க? இடத்தைக் காட்டினீங்க, அவ்வளவுதானே?"

காட்டியது மட்டும்தானா? சொத்தின்மேல் கடன், பழைய விற்பனை உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்று எடுத்து, ஆதிப் பத்திரமான தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் படித்து, பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தது யார்? வாரிசுகளில் ஒரு அக்கா கையெழுத்துப் போடவில்லை, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று தடுத்தது யார்? அப்படி நின்றுபோன பேரத்தில் எனக்குக் காலணா கிடையாது. பெட்ரோலும் என் செலவு.

அரசுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று மறுபேச்சில்லாமல் கட்டுகிறார்கள். என்னுடைய ஒரு சதவீதத்தில்தான் பேரம் பேசுவார்கள். ஏமாற்றுகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக எல்லோர் தலையிலும் அதே முத்திரையா?

கமிஷனில் பேரம் பேசுகிறவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீடு பார்க்கும்போதே ஓனரிடம் ரகசியமாக நம்பர் வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே வந்ததும், "வேண்டாம்ணே, வாஸ்து சரியில்லை" என்பார்கள். சரி என்று நானும் வேறு வீடு தேட ஆரம்பிப்பேன். அடுத்த மாதம் பார்த்தால் அதே வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். நடுவில் அந்த வாஸ்துவைச் சரிபண்ணிய புண்ணியவான் யாரோ!