மாரியம்மன் எப்போது வெள்ளையானாள்?

தாராவியில் எங்கள் சந்துக் கோவிலுக்குப் போன மாதம் வர்ணம் அடித்தார்கள். கருவறையில் இருப்பது கருங்கல், அதை யாராலும் மாற்ற முடியாது. முகப்பில் இருக்கும் சுதைச் சிற்பம்தான் மாறிவிட்டது. பிறந்ததிலிருந்து நான் கருநீலத்தில் பார்த்த அம்மா, இப்போது ரோஸ் நிறத்தில் நிற்கிறாள். கமிட்டியில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "அப்பத்தான் தங்கச்சி லட்சணமா இருக்கும்" என்றார். சொன்ன அவரும் கருப்பு, கேட்ட நானும் கருப்பு. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் பாதி இதே ஊரில் பிறந்தது. 1894இல் ஓவியர் ரவி வர்மா மும்பை கிர்காவில் அச்சகம் தொடங்கினார். தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணை வாசிக்கும் சரஸ்வதியும் அச்சாகி வீடு வீடாகப் போனார்கள். ஐரோப்பிய பாணி ஓவியம், வசதியான வீட்டுப் பெண்ணின் சேலையும் நகையும், வெளுத்த மேனி. அப்புறம் சிவகாசி காலண்டர்கள் அந்த முகத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அந்தப் படங்களை நான் வெறுக்கவில்லை. எங்கள் ஆச்சியை நெல்லைப் பக்கத்து ஊரில் கோவிலுக்குள் விட்டதில்லை. மதுரை மீனாட்சி கோவிலுக்குள்ளேயே 1939இல்தான் நம் ஆட்கள் நுழைய முடிந்தது. வாசலோடு நிறுத்தப்பட்டவள் சாமியைக் காசு கொடுத்து வாங்கி வந்து தன் வீட்டுச் சுவரில் மாட்டினாள். அது சின்ன விஷயமா? ஆனால் மீனாட்சி மரகதப் பச்சை. காளி என்ற பேரிலேயே கருமை இருக்கிறது. ஆச்சி வீட்டுக்கு வந்த சாமிக்கு மட்டும் ஆச்சியின் நிறம் இல்லை.

அரசியலும் சும்மா இருக்கவில்லை. வங்கத்தைப் பிரித்த 1905இல் அபனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதாவின் நான்கு கைகளில் ஏடு, நெற்கதிர், துணி, ஜபமாலை. ஆயுதமே கிடையாது. பின்னால் வந்த படங்களில் சூலமும் சிங்கமும் சேர்ந்துகொண்டன.

தேவியரை ஆடையில்லாமல் வரைந்தார் என்று ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மேல் வழக்கு மேல் வழக்கு. 2006இல் நாட்டை விட்டுப் போனவர் 2011இல் லண்டனில் இறந்தார். சோழர் காலப் பார்வதி திருமேனிகள் பலவற்றில் மார்புக் கச்சு கிடையாது, அவற்றைக் கும்பிட்டவர்கள் நம் முன்னோர். அம்மனின் நிறத்தை அழித்தபோது மட்டும் ஏன் யாருக்கும் மனம் புண்படவில்லை?

கருநீல வர்ணத்துக்கும் பெயின்டர் கூலிக்கும் ஆகும் பணத்தை நானே தருகிறேன் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். ஆடிக் கூழ் ஊற்றுவதற்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் சந்துக்காரர்கள் இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து என் பக்கம் நில்லுங்கள்.