ராதாநகரில் காலடியில் பவளப்பாறை கிடையாது

தம்பி, உங்கள் அந்தமான் பயணக் குறிப்பில் 'சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மறுநாள் அந்தமான், ராதாநகர் கடற்கரையில் இறங்கினால் காலடியிலேயே பவளப்பாறை' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. நான் ராயபுரம், அந்தக் கப்பலில் போய் வந்தவன். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேர் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) போய்ச் சேர மூன்று நாள் போல ஆகும். அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்கு (2018-லிருந்து ஸ்வராஜ் தீவு) இன்னொரு படகு பிடிக்க வேண்டும்.

ராதாநகர் அந்தத் தீவின் மேற்குக் கரை. மாவு போல வெள்ளை மணல், கண்கொள்ளாத சூரிய அஸ்தமனம். காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து எழுவதையே பார்த்து வளர்ந்த எனக்கு, அது கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தபோது பேச்சே வரவில்லை. ஆனால் அந்த மணல் கரையில் காலடியில் பவளப்பாறை பார்க்க முடியாது. அதற்கு அதே தீவில் எலிஃபென்ட் பீச் போக வேண்டும், படகிலோ காட்டுவழி நடந்தோ.

அப்புறம், 'எங்கே வேண்டுமானாலும் குளிக்கலாம்' என்பதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ராதாநகரின் ஒரு கோடியில் உள்ள நீல்ஸ் கோவ் பகுதியில் 2010-ல் முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். எச்சரிக்கைப் பலகையும் காவலரும் சொல்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். கரையில் கிடக்கும் செத்த பவளத்துண்டையும் எடுத்துவர வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.