பிக்கப் மாற்றுவதற்கு முன்னால் நெக்கைப் பாருங்கள்

பழைய பேஸ் கிட்டார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதே வாரத்தில் பிக்கப்பையும் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்) பிரிட்ஜையும் (பாடியில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பகுதி) மாற்றிவிட்டு, "இன்னும் அந்த சவுண்ட் வரலையே" என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு. பேஸில் நாம் காசு கொடுத்து வாங்குவது நெக்கைத்தான், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து. மற்றதையெல்லாம் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். முறுக்கிப்போன நெக்கைச் சரிசெய்யப் போனால் பல சமயம் பேஸின் விலையையே தாண்டிவிடும்.

எனவே ஆம்பில் சொருகிப் பார்ப்பதற்கு முன், பேஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, பாடி பக்கத்திலிருந்து ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் வரை நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். தடித்த ஈ ஸ்ட்ரிங் பக்கம் ஒரு வளைவும் மெல்லிய ஜி பக்கம் வேறு வளைவும் இருந்தால் நெக் முறுக்கியிருக்கிறது. பேரம் பேசாமல் வந்துவிடுங்கள். அடுத்து, ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். சுமார் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன், இருந்தால் நல்லது. கூடக்குறைய இருந்தாலும் பயமில்லை, அதற்குத்தான் நெக்கின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடு என்ற கம்பி இருக்கிறது. ஆனால் ராடு முழுக்க இறுக்கியபடி இருந்தும் நெக் இன்னும் முன்பக்கம் வளைந்தே நின்றால் அந்த பேஸ் வேண்டாம்.

பலரும் பார்க்கத் தவறுவது டெட் ஸ்பாட். ஜி ஸ்ட்ரிங்கில் நான்காவது ஃப்ரெட்டிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொரு நோட்டையும் ஒரே விசையில் வாசித்து, அது தானாக அடங்கும்வரை கேளுங்கள். பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் ஒரு நோட்டு மட்டும் சட்டென்று செத்துவிடும், பக்கத்து நோட்டு நீளமாக நிற்கும். நெக் தானாக அதிரும் அலைவெண்ணும் அந்த நோட்டின் அலைவெண்ணும் ஒத்துப்போவதால் ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் இழுத்துக்கொள்கிறது. விலை உயர்ந்த பேஸ்களிலும் இது உண்டு. ஹெட்ஸ்டாக்கில் எடையுள்ள கிளாம்ப் மாட்டினால் அந்த இடம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். பிக்கப் மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

வாங்கியாயிற்றா? முதல் செலவு ஒரு புது ஸ்ட்ரிங் செட். 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) பேஸுக்கு 45-105 தடிமன் செட் போதும். பிறகு செட்டப், வரிசை மாறாமல்: முதலில் நெக், அடுத்து ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரமான ஆக்‌ஷன், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது). ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு மறுபடி ட்யூன் செய்து, கொஞ்ச நேரம் விட்டு அளந்து பாருங்கள். வலப்பக்கம் திருப்பினால் நெக் நேராகும். பொருந்தாத ஆலன் கீயைப் போட்டுத் திருகினால் ராடை இறுக்கும் நட்டின் உள்முனைகள் வழுக்கிவிடும். சில பேஸ்களுக்கு அங்குல அளவு, சிலவற்றுக்கு மில்லிமீட்டர். இரண்டு செட்டும் கையில் இருக்கட்டும். ஆக்‌ஷனை 17-வது ஃப்ரெட்டில் அளக்க வேண்டும்: ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கி, உங்கள் கைக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் சேடில்களை அடிவரை இறக்கியும் ஸ்ட்ரிங் உயரமாகவே நின்றால், நெக்கைக் கழற்றி, அது உட்காரும் பள்ளமான பாக்கெட்டில் பிரிட்ஜை ஒட்டிய முனையில் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மெல்லிய துண்டு (ஷிம்) வையுங்கள். இன்டொனேஷனுக்கு, 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்தி வாசிக்கும் நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய நோட்டு ஏறி நின்றால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

மலிவு பேஸ்களில், ஹெட்ஸ்டாக் பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருப்பது ரொம்ப சகஜம். ஸ்ட்ரிங்கை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். அதிகமாகத் தெரிந்தால் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் எதை வாசித்தாலும் சுருதி ஏறும். ஒரு நட் ஃபைல் வேலையில் முடிகிற இதற்காகப் பலர் பேஸையே மாற்றுகிறார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சவுண்ட் பிடிக்கவில்லையென்றால் பிக்கப்பைப் பற்றிப் பேசலாம். லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-ல் வந்தது. இன்று நாம் பார்க்கிற இரண்டு துண்டு பிக்கப் அதற்கு 1957-ல்தான் வந்தது. அந்த இரண்டு துண்டுகளும் ஒன்றின் ஹம்மை (மின்சாரத்தால் எழும் இரைச்சலை) மற்றொன்று அழிக்கும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு சிங்கிள் காயில்கள், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்கள். இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருந்தால்தான் ஹம் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். அது பழுதில்லை, வடிவமைப்பே அப்படி.

ஜாஸ் பேஸுக்குப் பிக்கப் வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்து அளந்துவிடுங்கள். வழக்கமான செட்டில் பிரிட்ஜ் பிக்கப், நெக் பிக்கப்பைவிடச் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளம். சில மலிவு பேஸ்களில் இரண்டுமே ஒரே நீளம் என்பதால் புதியது பள்ளத்தில் இறங்காது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரிலும் (பாட்) இதே சிக்கல்: 250 கிலோஓம் பெரிய பாட் வாங்கினால் அதன் கழுத்து பழைய ஓட்டையில் நுழையாமல் போகலாம். டிரில் போட்டால் பாடியின் மேலுள்ள பிளாஸ்டிக் தகடான பிக்கார்டு விரிசல் விடலாம், கையால் ரீமரைச் சுற்றிப் பெரிதாக்குங்கள். பாட்டின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைக்க 25 வாட் அயர்ன் திணறும்; சூடு ஏறுவதற்குள் பாட் உள்ளே வெந்துவிடும். 40 முதல் 60 வாட் அயர்னை எடுத்து, முதுகைக் கொஞ்சம் சுரண்டிவிட்டுச் சட்டென்று முடியுங்கள்.

இரண்டு பிக்கப்பையும் சேர்த்துத் திறக்கும்போது சவுண்ட் மெலிந்து அடித்தளமே காணாமல் போனால் ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது இரண்டின் சிக்னலும் ஒன்றையொன்று அழிக்கிறது. ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும். ஆனால் வெவ்வேறு செட்டிலிருந்து எடுத்த பிக்கப்களாக இருந்தால், சவுண்ட் சரியான பிறகும் ஹம் அடங்காமல் போகலாம். ஒன்றின் காயில் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு எதிராக இருக்க வேண்டும். அதனால் செட்டாகவே வாங்குங்கள்.

டோன் கெப்பாசிட்டரின் பிராண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். 0.047 மைக்ரோஃபாரட் என்ற மதிப்புதான் காதுக்குத் தெரியும். கனமான பிரிட்ஜால் வருகிற மாற்றமும் சின்னதுதான். மாறாக, ஹெட்ஸ்டாக் கீழே சாய்ந்துகொண்டே இருக்கிற பேஸுக்கு எடை குறைந்த ட்யூனர்கள் வாங்குவது நல்ல செலவு. ஹெட்ஸ்டாக்கில் ட்யூனர் நுழையும் போஸ்ட் ஓட்டையின் விட்டத்தை முன்பே அளந்துகொள்ளுங்கள்.

ஹம்மைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் ஹம் குறைந்தால் பேஸின் எர்த் சரியாக இருக்கிறது, பாடிக்குள் காப்பர் ஃபாயில் ஒட்டினால் இன்னும் குறையும். தொட்டதும் கூடினாலோ, மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றாலோ, வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். மண்டபத்தின் சாக்கெட்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். நம் ஊரில் இரண்டு முனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆம்பைச் சொருகுவது சாதாரணமாக நடக்கிறது. அது உயிர் சமாச்சாரம்.

கடைசியாக, ஒப்பீட்டு வீடியோக்கள். ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை அலைவெண் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, அதன் மடங்குகளாக மேலே உள்ள ஹார்மோனிக்குகளை மட்டும் கேட்டு எந்த பேஸ் கனமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறோம். ஒன்றில் புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்), மற்றதில் பழைய ஸ்ட்ரிங் என்றால் அது ஸ்ட்ரிங் ஒப்பீடு. மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962 பிரிசிஷன் பேஸ், ஆனால் அந்தச் சத்தத்தில் பாதி அவர் மாற்றாமலே வைத்திருந்த கனமான லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்குகளுடையது. அதே மாடலை வாங்கிப் புது ரவுண்ட்வவுண்ட் மாட்டினால் அது எப்படி வரும்?

நிஜமாகவே ஒப்பிட வேண்டுமானால், இரண்டு பேஸிலும் ஒரே நாளில் ஒரே செட் ஸ்ட்ரிங்கை மாட்டுங்கள். பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள தூரத்தைச் சமமாக்குங்கள். ஆம்ப் இல்லாமல் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகப் பதிவுசெய்து, இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்கி, டிரம்ஸ் ட்ராக்கோடு ஹெட்ஃபோனில் கேளுங்கள். தனியாக வாசிக்கும்போது அழகாக இருந்த பேஸ் கிக் டிரம்முக்கு அடியில் மறைந்துபோவதும், தனியே கேட்டால் முரடாக இருந்த பேஸ் தெளிவாக எழுந்து நிற்பதும் அப்போதுதான் தெரியும்.