ஒரு ‘இல்’ போதாதா?

குடவாசலிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸில் மகளின் ஆங்கில விடைத்தாளைப் பார்த்தேன். வயிறு எரிகிறது. பஸ்ஸில் போனால் ‘ஆன்’, காரில் போனால் ‘இன்’. எழுந்து நடக்க முடிகிற வண்டிக்கு ‘ஆன்’ என்று விளக்கம் சொல்கிறார்கள். சரி. மேட்டூர் அணை ஜூனில் திறந்தால் ‘இன்’, ஜூன் 12 என்று தேதி சொன்னால் ‘ஆன்’, பத்து மணிக்கு என்றால் ‘அட்’. ஒரே தண்ணீர், ஒரே மதகு, மூன்று சொல்! நமக்கு வயலில், வரப்பில், வாய்க்காலில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’.

இதையாவது மனப்பாடம் செய்துவிடலாம். தமிழில் ஒருவரோடு திருமணம் நடக்கிறது. அந்த நினைப்பில் ‘மேரீட் வித்’ என்று எழுதினாள். ‘டு’ வரவேண்டுமாம். பாசனம் பற்றி விவாதித்தார்கள் என்பதற்கு ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதினாள். அங்கே எதுவுமே கூடாதாம். ஆனால் ‘டாக்’ என்றால் ‘அபௌட்’ வேண்டும். ஏன் என்று கேட்கிறாள். வழக்கு அப்படி என்பதைத் தவிர என்ன சொல்வது? பேசிக் கேட்டுப் பழக வேண்டியதை யாரும் பேசிக் காட்டவில்லை. சிவப்பு மையால் சுழித்து நான்கு மதிப்பெண்ணை மட்டும் குறைத்திருக்கிறார்கள்.