சார்ஜரைப் பிடுங்கினால் பில் பாதியாகாது

பத்து நாள் ஊருக்குப் போகும்போது போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்தாலே கரண்ட் பில் பாதியாகும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகாதுங்க. சும்மா செருகியிருக்கும் இந்தக்கால சார்ஜர் பெரும்பாலும் கால் வாட்கூட எடுக்காது. 10 நாளைக்கும் சேர்த்து 0.06 யூனிட்.

செட்டாப் பாக்ஸ்தான் கள்ளன். ரிமோட்டில் அணைத்தாலும் பல பெட்டிகள் 10 வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அதே 10 நாளில் 2.4 யூனிட். சுவர் சுவிட்சையே அணையுங்கள். அப்புறம் கீசர்: ஆன் செய்தபடி மறந்துவிட்டால், யாரும் குளிக்காத தண்ணீரை ஆற ஆறச் சுடவைத்துக்கொண்டிருக்கும்.

ஃப்ரிட்ஜை அணைப்பதானால் காலி செய்து, துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள். நான் ஒருமுறை மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கதவு ரப்பர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை!