அரண்மனை வீட்டு விசேஷம், ஊர்ச் செலவு

மூன்றாம் சார்லஸ் முடிசூடியது 2023 மே 6ஆம் தேதி. அதற்கு அரசு கஜானாவிலிருந்து 7.2 கோடி பவுண்டு போனது என்ற கணக்கு வெளியே வந்தது 2024 நவம்பரில். ஒன்றரை வருஷம் கழித்து! நம் ஊர்ப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவர்கள்கூட, விழா முடிந்த கையோடு ஊர்க்கூட்டம் போட்டு, பந்தலுக்கு இவ்வளவு, மைக் செட்டுக்கு இவ்வளவு, வாணவேடிக்கைக்கு இவ்வளவு என்று வாசித்துவிடுவார்கள். யாராவது ஒரு பெரியவர் எழுந்து, "பூவுக்கு எதுக்குய்யா இம்புட்டு?" என்பார். சண்டைகூட வரும். ஆனால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. லண்டனில் உட்கார்ந்து மாதாமாதம் வரி கட்டும் எனக்கு அந்த இடம் எது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பிரிட்டிஷ்காரர்கள் ராஜ குடும்பத்தை வெறுக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். 2022 ஜூனில் எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்து 70 வருஷமான பிளாட்டினம் விழா வந்தபோது எங்கள் தெருவில் உண்மையிலேயே குதூகலம் இருந்தது. காரையெல்லாம் எடுத்துவிட்டு மேஜை போட்டோம், முக்கோணத் துணித் தோரணம் கட்டினோம். செப்டம்பரில் அவர் இறந்தார். அவர் உடலை வைத்திருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குத் தேம்ஸ் கரையோரம் மக்கள் ராத்திரி பகலாக வரிசையில் நின்றார்கள். அந்த மரியாதையில் பொய் இல்லை. இறுதிச் சடங்குக்கும் துக்க நாட்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 16.2 கோடி பவுண்டு ஆனது. அதைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லை.

அடுத்த மே மாதமே முடிசூட்டு விழா. தெருவில் அதே தோரணம், பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியது. மேஜைகள் பாதியாகியிருந்தன. இந்த விழாவுக்கென்று அரண்மனையே ஒரு பலகாரத்தை அறிவித்திருந்தது: பசலைக்கீரையும் அவரையும் டாரகன் என்ற மூலிகையும் போட்ட கிஷ் என்ற முட்டைப் பை. எதிர்வீட்டு அம்மா அதைச் செய்து கொண்டுவந்தார். மரியாதைக்கு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு, எல்லோரும் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். அந்த மார்ச் மாதக் கணக்கில் உணவு விலை ஒரே வருஷத்தில் 19 சதவீதம் ஏறியிருந்தது. விழாவுக்கு ஒரு வாரம் முன்புதான் நர்ஸ்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். இந்த நேரத்தில் தங்க ரதம் ஊர்வலம் போனால் எப்படி இருக்கும்? யூகவ் என்ற நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் 51 சதவீதம் பேர் இதற்கு அரசு செலவழிக்கக் கூடாது என்றார்கள். ஊரில் இருப்பதிலேயே பணக்காரக் குடும்பங்களில் ஒன்று, தன் வீட்டு விசேஷத்துக்கு நம்மிடம் மொய் வாங்குவானேன் என்பதுதான் அவர்கள் கேள்வி.

அதைவிடப் பெரிய கூத்து, மக்கள் விசுவாசப் பிரமாணம். டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களும் மன்னருக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சத்தமாகச் சொல்லலாம் என்று ஒரு வாரம் முன்பு அறிவித்தார்கள். நாடே முகம் சுளித்தது. "என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு நான் சத்தியம் செய்ய வேண்டுமா?" என்று என்னுடன் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் பேராயர் ஜஸ்டின் வெல்பி விழாவன்று வாசகத்தைத் தணித்து, விரும்பினால் ஆதரவு தெரிவிக்கலாம் என்பதுபோல் மாற்றிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வந்தேறிகள் நாங்கள் அந்தச் சத்தியத்தை எப்போதோ செய்துவிட்டோமே! குடியுரிமை வாங்க உள்ளாட்சிக் கவுன்சில் மண்டபத்தில் வரிசையாக நிற்க வைப்பார்கள். சுவரில் ராணி படம், இப்போது மன்னர் படம். அதிகாரி ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று பின்னாலேயே சொல்ல வேண்டும். கடவுள் பெயரை விட்டுவிட அனுமதி உண்டு. மன்னர் பெயரை விட முடியாது. இங்கேயே பிறந்தவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. முதல்முறையாக அவர்களிடம் கேட்டபோதுதான் அது எவ்வளவு சங்கடம் என்று அவர்களுக்கு உறைத்தது.

அன்று காலையில் இன்னொன்றும் நடந்தது. மன்னராட்சி வேண்டாம் என்று சொல்லும் ரிபப்ளிக் அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித்தையும் அவருடைய ஆட்களையும் டிரஃபால்கர் சதுக்கம் பக்கத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பதாகைகளைக் கட்ட வைத்திருந்த பட்டைகளைக் காட்டி, தங்களையே எதிலாவது பூட்டிக்கொள்ள வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகித்தார்களாம். அந்த அதிகாரத்தைக் கொடுத்த சட்டம் நிறைவேறி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஊர்வலமெல்லாம் முடிந்து ராத்திரிதான் விட்டார்கள். வழக்கு இல்லை, அப்புறம் போலீசே வருத்தம் தெரிவித்தது. அதுவரை ரிபப்ளிக் என்ற பெயரையே கேள்விப்படாத என் மகன், அன்று இரவு அவர்களுடைய இணையதளத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

இந்த விழாக்கள் ஏதோ ஆதிகாலத்து மரபு என்று நினைத்துவிடாதீர்கள். 1871இல் விக்டோரியா ராணி வெளியே தலைகாட்டாமல் துக்கம் காத்துக்கொண்டிருந்தபோது, இங்கே குடியரசுச் சங்கங்கள் முளைத்தன. சார்லஸ் டில்க் என்ற எம்.பி. மேடையேறி ராஜ குடும்பத்தின் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த நேரம் பார்த்து ராணியின் மகன், பட்டத்து இளவரசர் எட்வர்டுக்கு டைஃபாய்டு வந்து, பிழைத்தார். 1872 பிப்ரவரியில் செயின்ட் பால் தேவாலயத்தில் தடபுடலாக நன்றி வழிபாடு நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது, குடியரசுப் பேச்சு அடங்கியது. விழாவுக்கு இருக்கும் சக்தியை அரண்மனை அப்போது புரிந்துகொண்டது.

அந்தப் பாடம் நம் பக்கமும் வந்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்தார். சென்னை மாகாணத்தில் அது தாது வருஷப் பஞ்சம் கொலைவெறியாடிய நேரம். அங்கே விருந்து, சில வாரங்களில் இங்கே நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார்கள். ராஜ விழாவைப் பார்த்து ஒரு தமிழனுக்கு வயிறு எரிந்தால் அதற்குப் பழைய காரணமும் உண்டு.

சரி, மன்னராட்சி போய்விடுமா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. குடியரசுத் தலைவர் வேண்டும் என்ற கட்சிக்காரன்தான் நான், இருந்தாலும் இல்லை. இரண்டு பெரிய கட்சிகளும் இதைத் தொடாது. பிரிட்டிஷ் மன்னரையே தன் மன்னராகவும் வைத்திருக்கும் ஆஸ்திரேலியா 1999இல் ஓட்டெடுப்பே வைத்தது, மன்னராட்சிதான் ஜெயித்தது. அதேபோல் இருந்த கரீபியன் தீவு நாடு பார்படோஸ், ஓட்டெடுப்பு இல்லாமலேயே நாடாளுமன்றத்தில் தீர்மானித்து 2021 நவம்பரில் குடியரசானது. ஆஸ்திரேலியாவும் இப்போது தன் புது ஐந்து டாலர் நோட்டில் சார்லஸ் படம் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறது. இப்படிச் சத்தமில்லாமல் உதிர்வதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. 2023 ஏப்ரலில் பிபிசிக்காக யூகவ் கேட்டபோது மொத்தத்தில் 58 சதவீதம் பேர் மன்னராட்சி பக்கம். 18 முதல் 24 வயதுக்காரர்களில் 32தான். வயதானால் மாறிவிடுவார்கள் என்று சொல்வோர் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இவர்கள் வாடகை கொடுத்தே வயதாகப் போகிறவர்கள்.

ராஜ குடும்பத்தால் சுற்றுலா வருமானம் வருகிறதே என்று கமெண்டில் வராதீர்கள். ராஜாவே இல்லாத பிரான்ஸில் வெர்சாய் அரண்மனைக்குப் போகிறவர்கள் உள்ளே ராஜா இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு டிக்கெட் வாங்குவதில்லை.

அரண்மனைக்கான வருடாந்தர அரசு மானியம் 8.63 கோடி பவுண்டிலிருந்து 2025-26இல் 13.21 கோடியாக ஏறியது. பக்கிங்ஹாம் அரண்மனையின் பழைய ஒயரிங், குழாய்களை மாற்றும் வேலைக்கு என்கிறார்கள். கடலில் காற்றாலை போட்ட குத்தகையில், மன்னர் பெயரிலுள்ள நிலத்தையும் கடற்பரப்பையும் நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குக் கொட்டிய லாபத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. எங்கள் கவுன்சிலில் நூலகத்தின் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள்; காற்று அந்தப் பக்கம் அடிக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்து முடிசூடப்போகும் வில்லியம், மாற்றம் தன் திட்டத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நல்லது. மன்னரின் தம்பி ஆண்ட்ரூவின் பட்டத்தைப் பறிப்பது, மாளிகையைக் காலி செய்ய வைப்பது எல்லாம் குடும்பப் பஞ்சாயத்து. எனக்கு வேண்டியது இரண்டு. அடுத்த விழாவின் மதிப்பீட்டை முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் வைத்து எம்.பி.க்கள் பேர் சொல்லி ஓட்டுப் போடட்டும். அப்புறம், அப்பா சொத்து மகனுக்கு வரும்போது எங்கள் பிள்ளைகளுக்கு வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம் வாரிசு வரி போடுகிறீர்களே, மன்னரிடமிருந்து மன்னருக்குப் போகும் சொத்துக்கு மட்டும் 1993இலிருந்து இருக்கும் அந்த விலக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பணத்திலேயே எத்தனை ரதம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும்.