என்/பி விகிதத்தை மட்டும் எழுதினால் போதாது

பாலிமர் வழியாக மரபணுவைச் செல்லுக்குள் செலுத்துபவர்கள் "என்/பி 10-இல் நன்றாக வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். என்/பி என்பது பாலிமரின் நைட்ரஜனுக்கும் டிஎன்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள மோல் விகிதம். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வேறு யாராலும் அதே முடிவை எட்ட முடியாது. புதுப் பாலிமரைத் தேடும் முன் கலக்கும் முறையைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கணக்கு. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவில் சுமார் 3 நானோமோல் பாஸ்பேட் இருக்கிறது. பிஇஐ என்கிற பாலிஎத்திலீன்இமினில் 43 கிராமுக்கு ஒரு மோல் நைட்ரஜன். ஆக, 10 மைக்ரோகிராம் பிளாஸ்மிடுக்கு (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) 30 மைக்ரோகிராம் பிஇஐ போட்டால் என்/பி ஏறத்தாழ 23. எடை விகிதம் 3 என்பதை என்/பி 3 என்று எழுதிவிட்டால், படிப்பவர் ஏழரை மடங்கு குறைவான பாலிமரைப் போடுவார்.

என்/பி 3 வாக்கிலேயே டிஎன்ஏ முழுவதும் பிடிபட்டுவிடும். மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓட்டினால், ஊற்றிய குழியைவிட்டு நகராது. அப்படியானால் 10-இல் கலக்கும்போது சுமார் 70 சதவீத பிஇஐ எதோடும் ஒட்டாமல் தனியாகத் திரிகிறது. செல்களைச் சாகடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். அதையே நீக்கிவிட்டால் மரபணு செல்லுக்குள் ஏறுவதும், அதாவது டிரான்ஸ்ஃபெக்‌ஷனும் சரிகிறது. இந்த இழுபறியைப் பற்றிப் பேசாமல் "நச்சுத்தன்மை குறைவு" என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிஎன்ஏவையும் பிஇஐயையும் ஒரே ஊடகத்தில், தலா அரை மில்லியில், சீரம் இல்லாமல் நீர்க்கச் செய்யுங்கள். சீரத்தின் எதிர்மின்னூட்டப் புரதங்கள் பாலிமரோடு ஒட்டிக்கொள்ளும். பிஇஐயை டிஎன்ஏமேல் ஒரே தடவையில் விட்டு, உடனே சில விநாடிகள் வார்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்குங்கள். துளித்துளியாக விட்டால், டிஎன்ஏவும் பிஇஐயும் சேர்ந்து உருவாகும் துகள்கள் மின்னூட்டமற்ற நிலையை மெதுவாகக் கடக்கும், கட்டிபிடிப்பது அங்கேதான். பிறகு அறை வெப்பத்தில் 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில் துகள்கள் நிமிடத்துக்கு நிமிடம் பெரிதாகும், ஏனென்றால் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையை உப்பு மறைத்துவிடுகிறது. 5 சதவீத குளுக்கோஸில் சிறிதாகவே நிற்கும். செல் வளர்க்கும் தட்டில் பெரிய துகள் தானே செல்மேல் படிந்து நல்ல எண்ணைக் காட்டும். ரத்தத்தில் செலுத்தினால் அதுவே நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கும்.

நேர்ச்சங்கிலி பிஇஐ குளிர்ந்த நீரில் கரையாது. சூடாக்கியோ அமிலத்திலோ கரைத்து, பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட வேண்டும்.

இன்னொன்று: சாயமேற்றிய துகள்கள் செல்லுக்குள் ஒளிரும் புள்ளிகளாகத் தெரிவதாலேயே மரபணு போய்ச்சேர்ந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. பெரும்பாலானவை, செல் உள்ளே இழுத்துக்கொண்டதை அடைக்கும் பையான எண்டோசோமிலேயே அடைபட்டுக் கிடக்கும். ழான்-பால் பேர் குழு 1995-இல் பிஇஐயை அறிமுகப்படுத்தியதிலிருந்து புரோட்டான் ஸ்பான்ஜ் விளக்கத்தைத்தான், அதாவது பிஇஐ புரோட்டான்களை உறிஞ்சி அந்தப் பையை வீங்கி வெடிக்கவைக்கிறது என்பதைத்தான், எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் 2013-இல் வெளியான அளவீட்டில் பிஇஐ லைசோசோமின் (எண்டோசோம் போய்ச்சேரும் அமிலப் பை) பிஎச்சை மாற்றவில்லை என்று தெரிந்தது. அந்த விளக்கத்தை முடிந்த உண்மையாக எழுதுவதை நிறுத்தலாம்.

முடிவுகளை வெளியிடும்போது பாலிமரின் மூலக்கூறு எடை, நேரா கிளைத்ததா, எந்த ஊடகம், எத்தனை நிமிடம், 48 மணி நேரத்தில் உயிரோடிருந்த செல்கள் எத்தனை என்று எழுதுங்கள். டிஎன்ஏ இல்லாமல் அதே அளவு பிஇஐ மட்டும் போட்ட தட்டுக் குழியின் எண்ணையும் பக்கத்தில் கொடுங்கள்.